கோட்டில் மணல்

ஆட்கள் சாலையைக் கடக்கிற இடத்தில் வெள்ளைப் பட்டை போடுவது அவர் வேலை. தெருவில் எல்லோருக்கும் அவர் பெயிண்டர். நகராட்சி ஒரு பூச்சுதான் கேட்கும். இவர் இரண்டாவதும் அடிப்பார். காய்ந்ததும் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். கண்ணாடி மாதிரி மின்னினால்தான் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கும்.

வீட்டில் அவரும் அக்காவும் மட்டும். அக்காவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிசியோதெரபி மையத்துக்குத் தினமும் நடந்தே போக வேண்டும். போகாவிட்டால் கால் இறுகிவிடும், அப்புறம் கட்டில்தான் கதி என்று டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லியிருந்தார். மழை தொடங்கியதும் அக்கா போவதை நிறுத்திவிட்டார். கேட்டால் தலைவலி, தூக்கம், டிவி.

"உனக்குச் சோம்பேறித்தனம்க்கா."

"ஆமாடா, நீ பெரிய சுறுசுறுப்பு."

ஒரு தூறல் நாளில் வம்படியாகக் கிளப்பினார். படி, நடைபாதை எல்லாம் அக்கா ஒழுங்காகத்தான் இறங்கினார். சிக்னல் விழுந்து வண்டிகள் நின்றன. அக்கா கைத்தடியை முதல் பட்டையில் ஊன்றினார். தடி வழுக்கியது. சட்டென்று எடுத்து அடுத்திருந்த கறுப்புத் தாரில் வைத்தார். பட்டையைத் தாண்டி அங்கே காலை வைக்கப் பார்த்தார். எட்டவில்லை. அதற்குள் சிக்னல் மாறிவிட்டது.

"என்னக்கா, பாண்டி ஆடறியா?"

"உன் கோட்டுல யாருடா கால் வைப்பா? எண்ணெய் தடவின மாதிரி இருக்கு. அன்னைக்குச் சறுக்கினேன், பக்கத்துல வந்த ஆள் பிடிக்கலேன்னா மறுபடியும் ஆஸ்பத்திரிதான்."

"ஏன் சொல்லலை?"

"ஊரெல்லாம் கோட்டைப் பத்திப் பீத்திக்கிட்டுத் திரியறே. எப்படிடா சொல்றது?"

பெயிண்டர் நம்பவில்லை. அவர் நடப்பது தடித்த பூட்ஸில். அதைக் கழற்றிவிட்டு அக்காவின் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டார். குதிகால் வெளியே தொங்கியது. அடுத்த சிக்னலுக்கு விறுவிறுவென்று இறங்கினார். இரண்டாவது பட்டையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"நீ என்ன ஆட்டம்டா ஆடறே?" என்றார் அக்கா, ஓரத்திலிருந்து.

மழை விட்டுத் தார் காய்ந்த காலையில் அந்தப் பட்டைகளின்மேல் மெல்லிசாக ஒரு பூச்சு அடித்து, ஈரம் இருக்கும்போதே சலித்த மணலைத் தூவினார். மினுமினுப்பு போயே போய்விட்டது. நகராட்சி மேஸ்திரி வந்து பார்த்தார்.

"என்னய்யா, ரொட்டித்தூள் தூவி வச்சிருக்கே?"

"வழுக்காது சார்."

மேஸ்திரி காலால் தேய்த்துப் பார்த்தார். "சரி, இது இருக்கட்டும். மத்த இடத்துல கை வைக்காதே. மேலே கேட்டுச் சொல்றேன்." மேலே கேட்பது எப்போது நடக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அடுத்த மழையில் அக்கா இறங்கினார். பெயிண்டர் அவருடைய பலமில்லாத காலின் பக்கம், அரை அடி பின்னால் நடந்தார். கையைப் பிடித்து இழுத்தால் இழுத்த பக்கம் விழுவார்கள் என்று மையத்துப் பெண் எச்சரித்திருந்தார். தடி ஊன்றிய இடத்தில் நின்றது. கடைசிப் பட்டை பாக்கி இருக்கும்போதே சிக்னல் மாறியது. பஸ் டிரைவர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார்.

மறுபக்கம் ஏறியதும், "எப்படிக்கா?" என்றார் பெயிண்டர்.

"பார்க்கச் சகிக்கலை." அக்கா மூச்சு வாங்கினார். "நாளைக்கு நீ வராதே. நானே போய்க்கறேன்."