சாய்ந்து வரும் பஸ்

எழுத்தை ஒல்லியாக்குவது பெரிய வித்தையா, கம்ப்யூட்டரில் ஓரத்தைப் பிடித்து அமுக்கினால் ஆச்சு என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அமுக்கிப் பாருங்களேன்! ‘ண’வின் சுழிகள் அடைத்துப்போகும். ‘ஞ’ நசுங்கிய பூச்சியாகிவிடும். ஊட்டியில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் எனக்கே இது என் மச்சினன் மினி பஸ் வாங்கியபோதுதான் உறைத்தது.

இத்தலார் பக்கம் ஓடும் பஸ் அது. வழியிலுள்ள ஒவ்வொரு ஹட்டியின், அதாவது ஒவ்வொரு மலைக் கிராமத்தின், பெயரும் போர்டில் இருந்தாக வேண்டும். “எங்கூருப் பேரில்லாத வண்டில நாங்க எதுக்குங்க ஏறோணும்?” என்று கேட்டுவிட்டு அந்த ஊர்க்காரர்கள் நடந்தே போய்விடுவார்கள். போர்டோ பஸ்ஸின் அகலம்தான். அதனால் ஒல்லி எழுத்து. கோடு எங்கும் ஒரே தடிமன், நுனியில் அலங்காரம் கிடையாது. சுழிகளை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டேன். நேராக நிறுத்தினால் ரேஷன் கடை வரிசை மாதிரி முண்டியடித்தன. கொஞ்சம் சாய்த்தேன். அடடா, நின்ற இடத்திலேயே ஓடத் தொடங்கிவிட்டன! சாய்ந்தால் ஏன் ஓடுகிற மாதிரி இருக்கிறது? மேடு ஏறுகிறவன் முன்னால் சாய்வதாலோ என்னவோ. இன்றுவரை யோசிக்கிறேன்.

கூட்டம் மெல்லத்தான் சேர்ந்தது. சீட்டு நிறையாவிட்டால் பஸ்ஸை விற்றுவிட்டு மறுபடி அடுத்தவர் வண்டிக்கு டிரைவராகப் போக வேண்டும். மச்சினனுக்கு அந்தப் பயம். கோயமுத்தூர்க்காரர் ஒருவர் பனியில் போர்டைப் படிக்க முடியவில்லை என்றதும் கடைக்கு ஓடி வந்தான்.

“மாமா, உங்க சாஞ்ச எழுத்தாலதான் ஆளு ஏற மாட்டேங்கறாங்க. நேராப் போடுங்க.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! போடா!” என்று கத்தினேன். ஆனால் அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. போர்டின் உயரத்தைக் கூட்டி, அத்தனை ஊரையும் நிமிர்ந்த எழுத்தில் இரண்டு வரியாகப் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் காலை ஒரே பனி. மச்சினன் போன் செய்தான். “மாமா, தெனமும் ஏறுறவங்ககூட கை காட்டலீங்க. அக்கா நின்னதுகூட தாண்டுன பொறகுதான் தெரிஞ்சுது!”

அவன் போனை வைத்ததும் என் மனைவி அழைத்தாள். அந்த பஸ்ஸில்தான் டீ பேக்டரி வேலைக்குப் போகிறாள். “ஏனுங்க, தம்பி வண்டி ஏன் இன்னிக்கு வரல? வேற எதோ வண்டிதான் போச்சு.”

“அதுதான்டி உன் தம்பி வண்டி! போர்டு படிக்கலையா?”

“இந்தப் பனில எங்கீங்க படிக்கறது? மினி பஸ்ஸெல்லாம் ஒரே மாதிரிதான இருக்குது? சாஞ்சு வந்தா நம்ம வண்டி, கை காட்டுவோம். நேரா வந்தா அடுத்தவன் வண்டி. எங்க ஸ்டாப்புல எல்லாருமே அப்புடித்தானுங்க.”

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? அன்று மாலையே பழைய எழுத்தை ஒட்டினேன்.

அடுத்த நாள் நானும் அவளோடு ஸ்டாப்பில் நின்றேன். பனிக்குள் ஏதோ வெளிச்சம் வந்தது. அதன் மேலே சாய்ந்த கோடுகள். கண்ணை இடுக்கிப் பார்த்தும் நானே செதுக்கிய எழுத்தில் ஒன்றைக்கூட என்னால் படிக்க முடியவில்லை. பக்கத்தில் நின்றவர்கள், என் மனைவியோடு சேர்த்து, அத்தனை பேரும் கையை நீட்டியிருந்தார்கள்.