இல்லாத வண்டிக்கு ஒரு பெல்ட்

என் தகப்பனார் வைரவநாதன் போன மாதம் பதினோராம் தேதி பதுளையில் இறந்தார். வயது அறுபத்திரண்டு. மாட்டுவண்டிக்காரர். கடைசி இரண்டு வருடங்கள் டிராக்டர் வைத்திருந்தார். அதை எந்தக் கம்பெனியில் வாங்குவது என்று அவர் முடிவெடுத்த விதத்தை எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. அதில் என் பங்கும் உண்டு.

பிறந்தது மானாமதுரைப் பக்கம். பன்னிரண்டு வயதில் ஒரு கங்காணியின் ஆட்களோடு கடல் தாண்டி, மன்னார் வழியாக நடந்து இலங்கைக்கு வந்தார். தோட்டத்தில் மாடுகளுக்குப் புல் அறுத்தார். இருபத்துநாலு வயதில் சொந்தமாக ஒரு வண்டி வைத்தார். அப்போது ரயில் நானுஓயாவைத் தாண்டவில்லை. தேயிலைப் பெட்டிகளை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க நாட்கணக்காகும். பிறகு ரயில் அப்புத்தளைக்கு வந்தது, பண்டாரவளைக்கு வந்தது, 1924இல் பதுளைக்கே வந்துவிட்டது. அது கிட்டே வர வர மற்ற வண்டிக்காரர்கள் தொழிலை விட்டார்கள். இவர் தோட்டத்துக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே மிஞ்சிய தூரத்தைப் பிடித்துக்கொண்டார். பசறைப் பாதையில் ஒரு பெரிய தோட்டம். ஃபேக்டரியிலிருந்து ஸ்டேஷனுக்குப் பதினோரு மைல். அந்தப் பாரம் முழுவதும் அவருடையது. ஒன்பது வண்டி, ஒன்பது வண்டிக்காரர்கள்.

1925 ஐப்பசியில் மாடுகளுக்கு வெக்கை நோய் வந்தது. பதினெட்டில் பதினாலு செத்தன. வாடகை மாடுகளை வைத்துச் சமாளித்தார். அது போதவில்லை. தோட்டத்துத் துரை சொல்லியனுப்பினார்: மாசி முடிவதற்குள் வழி பண்ணாவிட்டால் பாரத்தைக் கொழும்பு லொறிக்காரனுக்குக் கொடுத்துவிடுவேன்.

லொறி என்றால் ஒரு டிரைவரும் ஒரு கிளீனரும் போதும். ஒன்பது பேருக்கு வேலை இருக்காது.

நான் கொழும்பில் டெக்னிக்கல் ஸ்கூல் படிப்பை முடித்து ஊருக்கு வந்த நேரம் அது. தகப்பனார் கேட்டார்: "ஏம்ப்பா, மாடு இல்லாம நம்ம வண்டிய இழுக்க என்னதான் இருக்கு?"

ஒரு தாளில் டிராக்டர் வரைந்தேன். ரோட்டுக்குக் கெட்டி ரப்பர் பட்டை போட்ட சக்கரம். அதன் பின்னால் நம்முடைய வண்டிகளில் மூன்று, ஒன்றோடொன்று கோத்து.

"வண்டிக்கு ஒரு ஆள் வேணும்ல?"

"வேணும்பா. எறக்கத்துல பிரேக்கைத் திருக ஆள் இல்லேன்னா பின்வண்டி முன்வண்டி மேல ஏறிடும்."

"அப்ப மூணு பேரு."

"மூணு வண்டி ரோட்டுல வரும். மூணு ஸ்டேஷன்ல எறக்கும். மூணு ஃபேக்டரியில ஏத்தும்."

"ஒன்பது," என்றார். அதோடு லொறிப் பேச்சு முடிந்தது.

டிராக்டர் விற்க அப்போது கொழும்பில் எங்களுக்குத் தெரிந்து இரண்டு இடங்கள். கோட்டையில் ஒரு பெரிய கம்பெனி. மருதானையில் ஒரு சின்னக் கம்பெனி. இரண்டும் வெவ்வேறு மிஷின். பெரிய கம்பெனியின் ஏஜெண்டு படம் போட்ட புத்தகத்தோடு பதுளைக்கே வந்தார். அவர்களுடைய மிஷினுக்கு இரண்டு குதிரைசக்தி கூடுதல். அவர் என்னை எஞ்சினியர் என்று கூப்பிட்டார். நான் எஞ்சினியர் இல்லை. என்னோடு படித்த எட்வர்ட் அந்தக் கம்பெனி ஸ்டோரில் வேலை பார்த்தான். மருதானைக் கம்பெனியிலிருந்து யாரும் வரவில்லை. அங்கே ஸ்டோர்கீப்பர் மாணிக்கராஜ் என்ற அப்புத்தளைக்காரர். தமிழிலேயே பதில் எழுதுவார்.

நான் பெரிய கம்பெனி என்றேன். குதிரைசக்தியைக் காட்டினேன். தகப்பனார் கேட்டுக்கொண்டார்.

"மிஷின் நல்லதா கெட்டதான்னு ஒனக்குத் தெரியும். அது படுத்துட்டா எழுப்பி விடப்போறது யாருன்னு எனக்குத் தெரியணும். அதுல சீக்கிரம் கெட்டுப்போறது எது?"

"விசிறி பெல்ட்."

"ரெண்டு பேருக்கும் எழுது. பெல்ட் அறுந்துபோச்சு, உடனே அனுப்புங்கன்னு."

"நம்மகிட்ட மிஷினே இல்லையேப்பா."

"பெல்ட்டுக்குக் காசு குடுக்கப் போறோம்ல. எழுது."

இரண்டு கடிதம் எழுதினேன். அவரே தபாலாபீசில் போட்டார். சாயங்காலம் நான் மூன்றாவது கடிதம் ஒன்று எழுதினேன், எட்வர்டுக்கு. அப்பா பரீட்சை வைக்கிறார், சீக்கிரம் அனுப்பு என்று.

ஸ்டேஷனுக்கு எதிரே அலவியின் தேத்தண்ணீர்க் கடை. வண்டிக்காரர்கள் கூடுமிடம். மறுநாளே சேதி அங்கே போய்விட்டது.

"ஒங்க மொதலாளி வாலை மட்டும் வாங்கி ஆட்டிப் பாக்குறாராமே," என்றார் அலவி. "மாடு அப்புறம் வருமாக்கும்?"

மூத்த வண்டிக்காரர் நல்லையா விடவில்லை. "வால் வர்ற வேகத்துலயே மாடு யாருதுன்னு தெரிஞ்சிரும் அலவி நானா. ஒங்க கடையில பால் சொன்னா எப்ப வருதுன்னு பாக்குறோமே, அது மாதிரி."

மூன்றாம் நாள் பெரிய கம்பெனியின் பெல்ட் வந்தது. எட்வர்ட் அதைத் தபாலில் போடாமல், ரயிலோடு வரும் கார்டு கையில் கொடுத்தனுப்பியிருந்தான். நானே ஸ்டேஷனுக்குப் போய் வாங்கி வந்தேன். தகப்பனார் பொட்டலத்தை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

ஆறாம் நாள் தபாலில் மருதானைப் பெல்ட் வந்தது. கூடவே மாணிக்கராஜின் சீட்டு. தகப்பனார் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்:

"ஐயா, எங்கள் புத்தகத்தில் தங்கள் பெயரில் வண்டி எதுவும் இல்லை. ஒருவேளை வேறொருவரிடம் வாங்கியிருக்கலாம். வண்டி நிற்கக் கூடாது என்பதால் விசாரிக்காமல் அனுப்புகிறோம்."

சிரித்தார். "கெட்டிக்காரன். கண்டுபிடிச்சுட்டான் பாரு."

"ஆனா ஆறு நாள்," என்றேன்.

"ஆமா. மத்தவன் மூணு." கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "நீ என்ன சொல்ற?"

"மூணு நாள்ல அனுப்புறவன்தானே நமக்கு வேணும்."

அவர் இரண்டு பெல்ட்டையும் எடுத்து உள்ளே வைத்தார். ஆர்டர் கொடுக்கவில்லை. எட்டு நாள் அப்படியே போயிற்று. தினம் காலையில், "வேற ஏதாச்சும் யோசிச்சியா?" என்று கேட்பார். இல்லை என்பேன். வயதானவர் தயங்குகிறார் என்று நினைத்தேன். மாசி கடைசித் தேதியன்று, "சரி, கோட்டைக்காரனுக்கே தந்தி குடு" என்றார்.

மிஷின் நன்றாகத்தான் ஓடியது. நான்தான் ஓட்டினேன். மாடு ஒரு நாளில் போன தூரத்தை மூன்று மணி நேரத்தில் போனோம். பின்னால் மூன்று பேர் பிரேக் பிடியோடு உட்கார்ந்திருப்பார்கள். வளைவுக்கு முன்னால் நான் விசில் ஊதுவேன். மூவரும் ஒரே நேரத்தில் திருகுவார்கள். நல்லையா கடைசி வண்டியில். முதல் பத்து வாரமும் ஒன்பது பேருக்கும் முழு வேலை.

மே மாதம், கொழுந்து அதிகமாக வரும் காலம், பின்அச்சுப் பல்சக்கரத்தில் மூன்று பற்கள் உடைந்தன. ஓட்டியதில் தவறில்லை. கழற்றிப் பார்த்தேன்; வார்ப்பிலேயே குறை. தந்தி கொடுத்தேன். ஸ்டாக் இல்லை, சீமையிலிருந்து வரவேண்டும் என்று பதில் வந்தது. எட்வர்டுக்கு எழுதினேன். ஸ்டோரில் பெல்ட்டும் ப்ளக்கும்தான் இருக்கின்றன, மற்றதெல்லாம் கப்பலில்தான் என்றான். இதை நான் முன்பே கேட்டிருக்கலாம்.

மருதானைக்கும் எழுதிப் பார்த்தேன். மாணிக்கராஜ் பதில் போட்டார்: எங்கள் சக்கரம் உங்கள் மிஷினுக்குப் பொருந்தாது, வருந்துகிறேன், எங்கள் வண்டியாக இருந்தால் இன்றே ரயிலில் அனுப்பியிருப்பேன், இரண்டு கையிருப்பில் உள்ளன.

பல்சக்கரம் வர நாற்பத்தேழு நாள் ஆயிற்று. பன்னிரண்டாம் நாளே தோட்டத்துக்கு லொறி வந்துவிட்டது. மிஷின் மறுபடி ஓடியபோது எங்களுக்கு மிஞ்சியது மூன்று வண்டிக்கான பாரம். ஆறு பேர் போனார்கள். நாலு பேர் மொனராகலைக்கு, ரப்பர் தோட்டத்துக்கு. இரண்டு பேர் பழையபடி தோட்டத்து லயத்துக்கு, கூலி வேலைக்கு.

தகப்பனார் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆறு வெறும் வண்டிகளுக்கும் மாதம் ஒரு தடவை அச்சுக்கு மசகு போட்டார். இந்தத் தையில் நெஞ்சுச் சளி கண்டது. பிறகு எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு, வேலையை விட்டுப் போன ஆறு பேரும் வந்தார்கள். மொனராகலைக்காரர்கள் முதல் நாளே புறப்பட்டிருந்தார்கள். பந்தலில் அவர்களுக்கு இலை போட்டிருந்தது. நானும் நல்லையாவும் வண்டிக் கொட்டகையில் நின்றோம். அவரிடம் சொன்னேன்.

"அண்ணே, அந்த மூணு நாள் பெல்ட் இருக்கே. நான் எட்வர்டுக்குத் தனியா எழுதித்தான் அது வந்துச்சு."

நல்லையா என்னைப் பார்க்கவில்லை. வண்டிச் சக்கரத்தில் கை வைத்திருந்தார்.

"தெரியும் தம்பி. ரயில் கார்டு பொட்டலத்த ஒங்க கையில குடுத்தப்ப நாங்க அஞ்சு பேரு அங்கதான சரக்கு எறக்கிக்கிட்டிருந்தோம். ரயில்ல முறையா வந்த பார்சல்னா சீட்டு ஒட்டியிருக்கும். மொதலாளிக்கு ஒட்டாத பார்சல் தெரியாதா? முப்பத்தஞ்சு வருசமா ஸ்டேஷன்ல நின்ன மனுஷன்."

"அப்புறம் ஏன் அங்கயே வாங்கினாரு?"

"நாங்களும் கேட்டோம். 'ஓட்டப்போறவன் அவன். அவன் நம்புற எடத்துல வாங்கட்டும்'னாரு. 'ஆனா உண்மையச் சொல்லுவான், மாசிக்குள்ள சொல்லிருவான், சொன்னா மருதானைக்காரன்தான்'னாரு." நல்லையா கையை எடுத்தார். "நாங்களும் நீங்க சொல்லுவீங்கன்னுதான் இருந்தோம்."

எட்டு நாள். தினம் காலையில் ஒரு கேள்வி.

பந்தலுக்குப் போனேன். அவர்கள் சாப்பிட்டுக் கைகழுவும்வரை நின்றேன். பிறகு ஆறு பேரிடமும் சொன்னேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. ஒருவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"மிஷினு இப்ப ஓடுதா தம்பி?"

"ஓடுது."

"நம்ம ஒன்பதுல எத்தனை வண்டிய இழுக்குது?"

"மூணு," என்றேன்.