அஞ்சறைப்பெட்டியில் ரோமாபுரிக் காசு

சோணைமுத்து என்கிற பேரை நான் முதன்முதலில் கேட்டது என் தங்கச்சி வாயால். உசிலம்பட்டிச் சந்தையில் உட்கார்ந்து வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து வந்து தோளைத் தொட்டாள்.

"அக்கா, நம்ம பாண்டிமீனாவுக்கு ஒரு எடம் வந்திருக்கு. அலங்காநல்லூர்ப் பக்கம். கெவர்மெண்டு பஸ்ஸுல கண்டக்டரு. சோணைமுத்துன்னு பேரு."

மகளுக்கு இடம் வந்ததைச் சொன்னவள் முகத்தில் முழுச் சந்தோசம் இல்லை. "அப்புறம் என்னடி?" என்றேன்.

"செல்லாக்காசு சேக்குறாராம்" என்றாள்.

குடிக்கிறவரைப் பார்த்திருக்கிறோம், சேவல் கட்டுக்குப் போகிறவரைப் பார்த்திருக்கிறோம். செல்லாக்காசு சேர்க்கிறவரை எங்கள் வகையறாவில் யாரும் கண்டதில்லை. யார் மகன் என்று கேட்டேன். சோணையம்மாள் மகன் என்றதும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. சோணையம்மாளின் அக்காவை என் நாத்தனார் ஊரில்தான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டுக் கதை எல்லாம் எனக்குத் தெரியும். சோணையம்மாளுக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதைத் தூக்கிக்கொண்டு போய், ஊர் மாரியம்மன் கோயிலில் முறத்தில் கிடத்தி, ஆத்தாளுக்கே கொடுத்துவிட்டாள். பிறகு ஒரு படி தவிட்டைக் கொட்டி ஆத்தாளிடமிருந்து திரும்ப வாங்கினாள். அப்படி வாங்கினால் பிள்ளை ஆத்தாளுடையது, பெத்தவர்கள் வளர்க்க மட்டுந்தான் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எமன் வந்து கேட்டாலும் எங்கள் பிள்ளை இல்லையே என்று சொல்லிவிடலாம்.

"தவிட்டுக்கு வாங்குன பிள்ளைடி அது, வீணாப் போகாது. பேசி முடி" என்றேன்.

கல்யாணத்தன்று பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆள் கறுப்பு, நெடுநெடுவென்று உயரம். தவிட்டுக்கு வாங்கிய ஆண் பிள்ளைக்கு மூக்குக் குத்திவிடுவார்கள். அந்தத் துளை தூர்ந்தும் தூராமலும் மூக்கில் இருந்தது. குரல் மட்டும் பஸ்ஸின் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற குரல். பந்தி வாசலில் ஆட்கள் இடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும், மாலையும் கழுத்துமாக நின்றவர், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல நிக்காதீக" என்று பழக்கத்தில் சத்தம் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷங்களில் பந்திக்கு ஆள் நகராவிட்டால், "கண்டக்டர் மாப்ளயக் கூப்பிடுங்கடா" என்பார்கள்.

காசுப் பித்து அவருக்குப் பஸ்ஸில்தான் பிடித்திருக்கிறது. கூட்டத்தில் யாராவது நசுங்கின காசை, சிலோன் காசைக் கையில் திணித்துவிடுவார்கள். விரல் பட்டதுமே அவருக்குத் தெரிந்துவிடும். கொடுத்தவரைத் தேடிப் பிடித்து, "அண்ணே, இந்தக் காசுக்கு வண்டி வாடிப்பட்டி போகாது. கப்பல்தான் ஏறணும், எறங்குங்க" என்பார். ஆள் அகப்படாவிட்டால் தன் காசைப் பையில் போட்டு ஈடு கட்டிவிட்டு அதை எடுத்துக்கொள்வார். அப்படிச் சேர்ந்ததைப் பார்த்துப் பார்த்து, பழைய காசு எங்கே கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தார். விடுப்பு நாளில் தெற்காவணி மூல வீதிப் பக்கம் பழைய வெள்ளி வாங்குகிற கடைகளில் போய் நிற்பார். உருக்கப் போகிற கொலுசும் அரைஞாணும் குவிந்து கிடக்கும். அதைக் கிளறுவார்.

அங்கேதான் சௌந்தரராஜன் பழக்கமானார். சௌராஷ்டிரக்காரர், முனிச்சாலைப் பக்கம் சேலைக் கடை. அவரும் காசு சேர்க்கிறவர், அதுவும் ரோமாபுரி வெள்ளிக்காசுகளாகவே சேர்க்கிறவர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும்.

ஒரு நாள் குவியலிலிருந்து சோணைமுத்து ஒரு காசை எடுத்து நீட்டினார். பழைய நாலணா அகலந்தான், தடிப்பு அதிகம். மேலே ஒரு துளை. ஒரு பக்கம் இலை மாலை சூடிய ஆண் தலை. மறு பக்கம் ஒரு அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து கையில் ஒரு கொப்பைப் பிடித்திருக்கிறாள். சௌந்தரராஜன் பூதக்கண்ணாடியை வைத்து இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

"கண்டக்டரே, இது திபேரியஸ் ராஜா. ஏசுநாதர் காலத்துல ரோமாபுரிய ஆண்டவரு. மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும் கப்பல்ல வந்த காசு."

"துணிக்குன்னா, உங்க ஆளுக அப்பவே இங்க கடை போட்டுட்டீகளா?"

"நாங்க ரொம்பப் பின்னாடி ஏறுனவங்க. ஆனா டிக்கெட் எடுத்துத்தான் ஏறினோம்."

பிறகு துளையைக் காட்டி, "இங்க எவளோ ஒரு மகராசி இதைக் கழுத்துல கோத்திருக்கா. ஓட்டை விழுந்த காசைச் சேக்குறவங்க மட்டமாத்தான் பாப்பாங்க" என்றார்.

"எனக்குந்தான் மூக்குல ஓட்டை. பொண்ணு குடுக்கலையா?" என்றாராம் சோணைமுத்து.

அதை வாங்கிய நாளிலிருந்து மனுசனுக்குத் தரையில் கால் பாவவில்லை. காசுகளை வைக்க அவர் பிடித்த இடம் எது தெரியுமா? கல்யாணச் சீராக நாங்கள் கொடுத்த எவர்சில்வர் அஞ்சறைப்பெட்டி. ஒவ்வொரு கிண்ணத்திலும் பஞ்சு வைத்து, காசுகளைப் பிரித்துப் பிரித்துப் போட்டிருந்தார். பாண்டிமீனா தலையில் அடித்துக்கொண்டு வேறு பெட்டி வாங்கினாள். ஒரு தடவை நான் போயிருந்தபோது ரசத்துக்குத் தாளிக்கலாம் என்று கைக்குக் கிடைத்த பெட்டியைத் திறந்தேன். கடுகு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ராஜா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தே, அவரத் தாளிச்சிராதீக" என்று கூடத்திலிருந்து சத்தம் போட்டார் மருமகன்.

அந்தப் பெட்டியில் சீரகக் கிண்ணம் மட்டும் தண்டனைக் கிண்ணம். ஏமாந்து வாங்கினதை எல்லாம் அதில் போட்டுவைப்பார். அதிலும் ஒரு திபேரியஸ் உண்டு. கண்காட்சி ஒன்றில் எவனோ தலையில் கட்டிவிட்டது. துளை முதற்கொண்டு அசல் மாதிரியே இருக்கும். சௌந்தரராஜன் அதைக் கல்லில் போட்டுப் பார்த்து, "சத்தமே வரலையே கண்டக்டரே, ஈயத்துல வார்த்த ராஜா" என்று சிரித்திருக்கிறார்.

இப்படி இருக்கையில், காசு சேர்க்கிறவர்கள் சங்கத்தில் ஆடி மாதம் மதுரையில் கண்காட்சி வைக்கிறோம், உங்களுக்கும் ஒரு மேசை என்று சொல்லிவிட்டார்கள். அவர் மேசையில் வைப்பதற்கு முகம் தெரிகிற ரோமாபுரிக் காசு அது ஒன்றுதான். மற்றதெல்லாம் தேய்ந்து சப்பட்டை. டிக்கெட் கொடுக்கும்போதுகூட அந்த மேசை நினைப்புத்தான்.

பங்குனி வெயிலில் அவர் மகள் பவதாரிணிக்கு அம்மை போட்டது. சேதி கேட்டு நான் போனேன். வாசலில் வேப்பிலை. பிள்ளை வாழை இலையில் துவண்டு கிடந்தது. நீர் ஊற்றுகிற நாள் வரைக்கும் தாயும் தகப்பனும் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. நல்லபடியாக இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றின பிறகுதான் அவருக்குக் காசு ஞாபகமே வந்தது. அஞ்சறைப்பெட்டியைத் திறந்தார். கடுகுக் கிண்ணம் காலி.

பஞ்சைப் பிய்த்துப் பார்த்தார். கட்டிலைப் புரட்டினார். பாண்டிமீனா வேப்பிலைக் கொத்தை அவிழ்த்துக்கொண்டே, "என்னத்தத் தேடுறீக?" என்றாள்.

"கடுகுல இருந்த காசு."

"அதுவா. பிள்ளைக்குக் கொதிச்ச அன்னைக்கு ஆத்தாளுக்கு முடிஞ்சு வச்சுட்டேன்."

வாசல் நிலையில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வழக்கத்தில், நோய் நொடி வந்தால் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமிக்கு நேர்ந்துவிடுவோம். முடிந்த நிமிசத்திலிருந்து அது சாமி காசு. திருவிழா வந்ததும் உண்டியலில் சேர்த்துவிட வேண்டும்.

"வீட்டுல வேற காசே இல்லையா பாண்டி?"

"கெடந்துச்சு. ஆனா இதுலதான ஆத்தா வேப்பிலையக் கையில பிடிச்சு உக்காந்திருக்கா. அவ காசை அவளுக்கே முடிஞ்சேன்."

"அது வேப்பிலை இல்ல. அந்த ஊரு மரத்துக் கொப்பு."

"அந்த ஊருல எந்த மரம் இருக்கோ அதுலதான ஒடிப்பா. பிள்ளைக்கு எறங்குச்சா இல்லையா, அதச் சொல்லுங்க."

ஓடிவிளையாட ஆரம்பித்துவிட்ட பிள்ளையைப் பார்த்தார், முடிச்சைப் பார்த்தார், சட்டையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார். அன்றைக்கு வாடிப்பட்டியில் இறங்க வேண்டியவர்களுக்கு இவர் குரலே கொடுக்கவில்லையாம். சௌந்தரராஜனிடம் சொன்னதற்கு அவரும் கையைப் பிசைந்தாராம். "நேர்ந்துக்கிட்டதுல நான் என்ன சொல்றது கண்டக்டரே, எங்க வீட்டுலயும் பொம்பளைங்க இருக்காங்க" என்றாராம்.

வைகாசியில் ஊர் மாரியம்மனுக்குத் திருவிழா. எல்லோரும் போனோம். பூசாரி முத்திருளன், சோணைமுத்துவுக்குச் சொந்தத் தாய்மாமன். உண்டியல் முன்னால் நீள வரிசை. சோணைமுத்து மஞ்சள் முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், போடவில்லை. முன்னால் நின்றவர்கள் போட்டு நகர்ந்தாயிற்று, இவர் அசையவில்லை.

"போடு மாப்ள. பின்னால ஆளு நிக்கிது பாரு. உள்ள போங்க உள்ள போங்கன்னு ஊரையே நெட்டித் தள்ளுவ, இப்ப நடுவுல நின்னுக்கிட்டு" என்றார் பூசாரி. வரிசையே சிரித்தது.

சோணைமுத்து சிரிக்கவில்லை. "இது செல்லாது மாமா" என்றார்.

"உண்டியல்ல விழுந்தா எல்லாம் செல்லும். போடு."

"செல்லாது. இது ஈயக்காசு. நேத்து நாந்தான் முடிச்ச அவுத்து மாத்திவச்சேன்."

பாண்டிமீனா முகம் கறுத்துவிட்டது. சிரித்த வாய்கள் எல்லாம் மூடிக்கொண்டன. சோணைமுத்து இடுப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே அசல் காசு.

"என் பையில செல்லாக்காசு போட்டவன எல்லாம் நடு ரோட்டுல எறக்கி விட்டிருக்கேன். நானே ஆத்தா பையில செல்லாக்காசப் போட்டா, அவ என்னைய எங்க எறக்கி விடுவா? போட்டுர்றேன் மாமா. முகத்த ஒரு தடவ பாத்துக்கிறேன்."

வெயிலில் பிடித்துப் பார்த்தார். ராஜா தலையைப் பார்த்தார், திருப்பி அந்த அம்மாளைப் பார்த்தார். பிறகு உண்டியல் வாயில் வைத்தார். விரல் இன்னும் விடவில்லை.

"கைய எடுங்க" என்று ஒரு சத்தம். பாண்டிமீனாதான். கோபத்தில் பேசுகிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. என்னைப் பார்த்துத் திரும்பினாள். "பெரியம்மா, இவர எதுக்கு வாங்குனாக?"

"தவிட்டுக்கு" என்றேன்.

"ஆத்தாளுக்குக் குடுத்த மனுசனையே தவிட்டுக்குத் திருப்பி வாங்கலாம்னா, காச வாங்கக் கூடாதா? நேந்தவ நான். கேக்குறேன் பூசாரிச் சித்தப்பா, கூடுமா கூடாதா?"

முத்திருளன் தாடியைச் சொறிந்தார். "பிள்ளைக்கு உள்ள வழக்கந்தான். காசுக்கு யாரும் கேட்டதில்ல."

"துளையுங்கூட போட்டிருக்கு சித்தப்பா. பிள்ளைக்குப் போடுறாப்புலயே."

வரிசையில் பின்னால் நின்ற ஒரு கிழவர், "சட்டுன்னு முடிங்கப்பா, எங்க அப்பத்தா காலத்துல ஒரு கன்னுக்குட்டியவே தவிட்டுக்கு வாங்கியிருக்கோம்" என்றார். அது போதுமானதாக இருந்தது பூசாரிக்கு. பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டத்திலிருந்து தவிடு வந்தது. காசை அம்மன் காலடியில் வைத்து எடுத்து, முறத்தில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். தங்கின பிள்ளைகளைப் பெற்றவள்தான் ஏந்த வேண்டும், எனக்கு எல்லாம் தங்கின பிள்ளைகள். இத்தனூண்டு காசுக்கு அம்புட்டுப் பெரிய முறம். பவதாரிணி தவிட்டைக் கொட்டினாள், பாண்டிமீனா முந்தானையில் காசை வாங்கினாள்.

"கேட்டுக்க மாப்ள" என்றார் பூசாரி. "பிள்ளைக்கு என்ன முறையோ அதுதான் இதுக்கும். விக்கக் கூடாது, மாத்தக் கூடாது. வருசா வருசம் கொண்டாந்து ஆத்தாகிட்ட முகத்தக் காட்டணும்."

"காட்டுறேன் மாமா. நானே வருசா வருசம் காட்டிக்கிட்டுத்தான இருக்கேன்."

"அந்த ஈயக்காச என்ன செய்யப்போற?"

"சீரகத்துல கெடக்கட்டும்."

பாண்டிமீனா அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. மறுநாள் அவள் ஏறின வாடிப்பட்டி பஸ்ஸில் அவரே டிக்கெட் கொடுக்க வர, பொம்பளைகளுக்கு இப்போது டிக்கெட்டுக்குக் காசு இல்லை அல்லவா, "எனக்குக் காசு வேணாம்ல, இல்ல ஈயத்துல எதும் தரவா?" என்று கேட்டாளாம். பஸ் முழுக்கச் சிரிப்பு. அதோடு கோபம் இறங்கிவிட்டது.

ஆடியில் கண்காட்சி நடந்தது. நானும் போனேன். சௌந்தரராஜன் மேசையில் துளையில்லாத காசுகள் பளபளவென்று வரிசையாக இருந்தன. அகஸ்டஸ் ராஜா, அவருடைய பேரன்கள் இரண்டு பேரும் கேடயத்தோடு நிற்கிற காசு எல்லாம் உண்டு. சோணைமுத்து மேசையில் மஞ்சள் துணி விரித்து, நடுவில் அந்த ஒற்றைக் காசு. தன்னுடைய அகஸ்டஸ் காசு ஒன்றைத் தருகிறேன், இதைக் கொடுங்கள் என்று சௌந்தரராஜன் கேட்டார்.

"பிள்ளைய யாராச்சும் மாத்துவாகளாண்ணே?"

"எம்புட்டுக்கு வாங்குனதுன்னு யாராவது கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"ஒரு படி தவிடு."

சௌந்தரராஜன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். அடுத்த வைகாசியில் அவரும் சம்சாரத்தோடு வந்து, காசு முகம் காட்டுகிறதைப் பார்த்துவிட்டு, கூழ் குடித்துவிட்டுப் போனார்.

சோணைமுத்து இப்போது ஒத்தக்கடையில் வீடு கட்டிக் குடியிருக்கிறார். மேலூர் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிறார்.