ஹென்ட்ரிக் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை

"கண்ணாடியைப் பார், பிறகு தோளுக்கு மேலால திரும்பிப் பார்" என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில், "என்ர அக்காவை முள்ளுக்கம்பிக்குள்ள வைச்சுப் பட்டினியில சாகவிட்டவங்கள்" என்பார் மகேஸ்வரன். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் பிள்ளை திடுக்கிட்டு பிரேக்கை மிதிக்கும். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிப்பான். "உனக்கில்லை, உனக்கில்லை. அது நாடகம். நீ லேன் மாறு."

இந்தக் குளிர்காலம் முழுவதும் கனடாவின் ஸ்காபரோவில் அவரிடம் கார் பழகிய எல்லோருக்கும் அந்த வசனம் பாடம். ஒரு பெண் டெஸ்ட்டுக்குப் போன இடத்தில், லேன் மாறும்போது வாய்க்குள் 'அக்காவை' என்று முணுமுணுத்தாளாம். பாஸாகிவிட்டாள்.

அறுபது தாண்டிய மனிதர். கூரையில் பெயர்ப்பலகை பூட்டிய வெள்ளைக் கொரோலா, கதவைத் திறந்தால் சித்தாலேபத் தைல மணம், டெஸ்ட்டில் பெயிலாகி அழுகிறவர்களுக்குக் கொடுக்க இஞ்சித் தொபி மிட்டாய். மாணவருக்குப் பக்கத்து இருக்கையில், தனக்கென்று வைத்த பிரேக்கில் காலை வைத்தபடி பாதி ஆயுளைக் கழித்துவிட்டதால், பஸ்ஸில் போனாலும் அவருடைய வலது கால் தரையை மிதித்துக்கொண்டிருக்கும். "கோயில் தேர் வளைவில திரும்பேக்கயும் இவர் பிரேக் போடுறார்" என்பார் மனைவி குணவதி.

மகேஸ்வரனுக்கு உலகத்தில் பிடித்தமான இடம், நான்கு பக்கமும் நிறுத்தப் பலகை உள்ள சந்தி. அங்கே சண்டைக்கு இடமில்லை. "முதல் வந்தவன் முதல் போவான். ஒரே நேரத்தில வந்தால் வலப்பக்கம் நிக்கிறவனுக்கு வழி விடு. அவ்வளவுதான் நீதி" என்பார். இந்த மனிதரைத்தான் லக்சிகா தன் நாடகத்துக்குப் பிடித்துக்கொண்டு போனாள்.

லக்சிகா இங்கே பிறந்தவள், வழக்கறிஞர். கார் பழகிய காலத்தில் இரண்டு முறை பெயிலாகி, மகேஸ்வரனின் அதட்டலில் மூன்றாம் முறை பாஸானவள். அந்தக் குரலை அவள் மறக்கவில்லை. தென்னாபிரிக்காவின் வெள்ளைக்கார விவசாயிகள் பேசும் ஆப்பிரிகான்ஸ் மொழியில் எழுதப்பட்டு, அந்த நாட்டு அரசாங்கத்தால் ஒருகாலம் தடைசெய்யப்பட்ட அரசியல் நாவல் ஒன்றை ஆங்கிலத்தில் படித்துவிட்டு, அதை யாழ்ப்பாணத் தமிழில் மேடையேற்ற வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். விவசாயி ஹென்ட்ரிக்குக்கு அந்தக் குரல்தான் வேண்டும் என்றாள்.

கதை சிக்கலில்லாதது. ஹென்ட்ரிக் சின்னப் பையனாக இருந்தபோது ஆங்கிலேயர் படையெடுத்து வந்து பண்ணையை எரித்தார்கள். தாயையும் பிள்ளைகளையும் முகாமில் அடைத்தார்கள். அக்கா அங்கே செத்தாள். பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசியதற்காக அவன் அடி வாங்கினான். காலம் மாறி, இப்போது ஆட்சி அவனுடைய ஆட்களின் கையில். அவனுடைய பண்ணையில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் கறுப்பின வேலைக்காரன் சோலமனின் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போக அரசாங்க லொறி வருகிறது. அந்த மண் இனி வெள்ளையருக்கு மட்டும். ஹென்ட்ரிக் ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்தலாம். அவன் மேசையடியில் உட்கார்ந்து கோப்பியைக் கலக்கிக்கொண்டிருக்கிறான். முதுகுக்குப் பின்னால் லொறி போகிறது.

ஒத்திகையின் முதல் நாளே மகேஸ்வரன் கேட்டார்: "பிள்ளை, உவன் நல்லவனோ கெட்டவனோ?"

"அங்கிள், அவர் ஹீரோ இல்லை. பட், வில்லனும் இல்லை."

"உந்த நாட்டுக்கு ஆர் முதல் வந்தது?"

"சோலமனிட ஆக்கள்."

"அப்ப வழி அவைக்குத்தான். பிறகேன் உவன் அழுறான்?"

"அவரும் இழந்தவர்தானே."

மகேஸ்வரன் அன்று வீட்டுக்குப் போகும் வழியில், நாற்பது வருடமாகப் பழகிய தெருவில் திரும்ப மறந்து, ஊர் எல்லையில் இருக்கும் ரூஜ் ஆறு வரை போய்த் திரும்பி வந்தார்.

கோப்பிக் காட்சிதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. சோலமனாக நடித்த கிருபன் பின்னால் நின்று "ஐயா, ஐயா" என்று கூப்பிடுவான். மகேஸ்வரனின் கழுத்து தானாகத் திரும்பும். "அங்கிள், திரும்பக் கூடாது" என்பாள் லக்சிகா.

"ஏன், உவன் செவிடனோ?"

"இல்லை, கேக்குது."

"கேட்டும் ஏன் பாக்கேல்லை?"

"அதை ஆடியன்ஸ் யோசிக்கட்டும்."

"எனக்குத் தெரியாததை அவை எப்பிடி யோசிக்கிறது? திரும்பிப் பார், திரும்பிப் பார் எண்டு ஊர்ப்பிள்ளையளுக்கெல்லாம் தொண்டை கிழியச் சொல்லுறவன் நான். நீ என்னைப் பாக்கவேண்டாம் எண்டுறாய்."

அதன்பிறகு அவர் யாரைக் கண்டாலும் கேட்டார். மரக்கறிக் கடை முதலாளி, அவன் பயந்தவனாக இருப்பான் என்றார். கோயில் ஐயர் கர்மா என்றார். குணவதி மட்டும் அரிசி களைந்தபடி, "நாடகம் முடிஞ்சு வீட்டுக்கு வாங்கோ, அது போதும்" என்றார். அழுகிற வசனம் மகேஸ்வரனுக்குச் சுலபமாக வந்தது. முள்ளுக்கம்பியைச் சொல்லும்போது கண்ணில் நீர் முட்டும், அதற்கு யாரும் பழக்கவேண்டியிருக்கவில்லை. சும்மா இருப்பதுதான் வரவில்லை.

மேடையேறிய ஞாயிறு மாலை மண்டபம் நிறைந்திருந்தது. வெளியே பனி கொட்டியதைச் சனம் பொருட்படுத்தவில்லை. மகேஸ்வரன் முகாமைப் பற்றிய வசனத்தைத் தொடங்கியபோது முன்வரிசையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "எங்கட மொழியைப் பேசினதுக்கு எங்களை அடிச்சவங்கள். எங்கட காணியை எரிச்சவங்கள். இனி ஒருத்தனுக்கும் இந்த மண்ணில ஒரு பிடி குடுக்கமாட்டன்" என்று மேசையில் அடித்தார். மண்டபம் வெடித்தது. கைதட்டல், விசில், பின்வரிசையில் யாரோ எழுந்து நின்று தட்டினார்கள். அடுத்த வசனம் மகேஸ்வரனுக்கு மறந்துபோயிற்று. பக்கத் திரைக்குள் எட்டிப் பார்த்தார். அங்கே லக்சிகா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சனம் தட்டுகிறது, இவள் ஏன் இப்படி நிற்கிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. சமாளித்து வசனத்தைப் பிடித்தார்.

பிறகு கோப்பிக் காட்சி. அன்று கழுத்து திரும்பவேயில்லை. கிருபன் கூப்பிட்டான், லொறிச் சத்தம் வந்தது, கரண்டி கோப்பையில் தட்டுப்பட்டுக்கொண்டிருந்தது. மண்டபத்தில் ஒரு இருமல்கூட இல்லை. முடிந்ததும் லக்சிகா ஓடிவந்து, "அங்கிள், இண்டைக்குத்தான் சரியாச் செய்தனீங்கள்" என்றாள். ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. "ஆனா ஏன் அங்கிள் அந்த இடத்தில கை தட்டினவை?" அவளுக்கும் பதில் தெரியாது என்பது மகேஸ்வரனுக்கு அப்போதுதான் உறைத்தது.

மண்டப வாசலில் தேநீரும் பற்றிஸ் பலகாரமும் கொடுத்தார்கள். பழைய நண்பர் இரத்தினவேல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கட்டிப்பிடித்தார். "மகேசு, எங்கட கதையைச் சொல்லிப்போட்டாய். நெஞ்சு நிறைஞ்சு போச்சு." மகேஸ்வரனுக்கும் நிறைந்தது. ஒட்டுமீசையைக் கழற்ற மனமில்லாமல் நின்று எல்லோருக்கும் கைகொடுத்தார்.

கடைசியாக ஒரு பெண் வந்தார். தன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும் என்று மகேஸ்வரன் நினைத்தார். தலையைச் சுற்றிய சாம்பல் நிற முக்காடு, அதன் மேல் தடித்த குளிர்ச்சட்டை. ஹமீதா என்றார். பக்கத்து நகரமான அஜக்ஸில் மகனோடு இருக்கிறாராம்.

"எங்கட கதையைச் சொன்னீங்கள், தம்பி."

"சந்தோசம் அக்கா. எந்த ஊர்?"

"யாழ்ப்பாணம்தான். அஞ்சு சந்திக்குக் கிட்ட."

மகேஸ்வரன் சிரிக்கப் போனார். சிரிப்பு பாதியில் நின்றது. அது முஸ்லிம் சனம் இருந்த இடம், அவர்களைத் தமிழ் இயக்கம் ஊரைவிட்டுத் துரத்தியது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அப்போது அவர் கனடாவுக்கு வந்துவிட்டிருந்தார். பேப்பரில் படித்தவர்.

"தொண்ணூறாம் ஆண்டு" என்றார் ஹமீதா. "ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள வெளிக்கிடச் சொன்னவை. பக்கத்து வீட்டில ஒரு மாஸ்டர். தங்கமான மனுசன், என்ர மூத்தவனுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தவர். அவற்ற தம்பியை ஆமி பிடிச்சுக்கொண்டு போய்த் திருப்பித் தரேல்லை. நாங்கள் பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு அவற்ற வீட்டைக் கடக்கேக்க, விறாந்தையில இருந்து பேப்பர் பாத்துக்கொண்டிருந்தவர். பேப்பரைக் கீழ இறக்கேல்லை."

மகேஸ்வரன் ஒட்டுமீசையைக் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"கோபமாக் கேக்கேல்லை, தம்பி. அவர் இப்ப உயிரோட இல்லை, அவரைக் கேக்கேலாது. நீங்கள் அந்தக் கோப்பியைக் கலக்கிக்கொண்டு இருக்கேக்க என்ன நினைச்சனீங்கள்? அதை மட்டும் சொல்லுங்கோ."

ஊரெல்லாம் அவர் கேட்டுத் திரிந்த கேள்வி. கர்மா என்று சொல்லலாம், பயம் என்று சொல்லலாம். வாய்வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. மேடையில் இருந்த அந்த நிமிடத்தைத் திரும்ப நினைத்துப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லட்டோ அக்கா. எனக்குக் கை தட்டினதைத்தான் நினைச்சுக்கொண்டு இருந்தனான். எல்லாரும் எனக்காண்டி அழுதவை. அது காதுக்குள்ளயே நிண்டது. பின்னால பெடியன் கூப்பிட்டது கேட்டது, ஆனா..."

"அப்பிடியும் இருந்திருக்கும்" என்றார் ஹமீதா, தனக்குத்தானே சொல்வதுபோல.

வெளியே மகனின் கார் வந்து வெளிச்சத்தை மினுக்கியது. மகேஸ்வரன் முன்னால் போய்க் கண்ணாடிக் கதவைத் தள்ளிப் பிடித்தார். பனி முகத்தில் அடித்தது. "வாறன் தம்பி" என்று சொல்லி, ஹமீதா வழுக்காமல் காலை எண்ணி வைத்து நடந்து போய்க் காரில் ஏறினார். கார் வாகனங்களுக்கிடையில் நெளிந்து தெருவுக்கு ஏறி மறைந்தது.

"மகேசு, கதவை விடு. குளிர் அடிக்குது" என்று இரத்தினவேல் உள்ளேயிருந்து கூப்பிட்டார். தேநீர்க் கோப்பைகளோடு நின்றவர்கள் தோள்களைக் குறுக்கிக்கொண்டார்கள். ஒரு குழந்தை அழத் தொடங்கியது. கதவு தானாக மூடப் பார்த்தது. மகேஸ்வரன் மெல்லிய மேடைச் சட்டையோடு உள்ளே நின்றவர்கள் பக்கம் திரும்பி நின்று, கதவுக்கு முதுகைக் கொடுத்து, திறந்தபடியே பிடித்துக்கொண்டார்.