உப்பில்லாத ஈரம்

அணையின் அடியில் இறங்கி, மதகுக் கம்பிகளில் சிக்கிய கட்டைகளையும் பாசியையும் அகற்றும் ஐந்து டைவர்களின் உடைகளை உலர்த்துவதுதான் அவள் வேலை. எலும்பைக் குடையும் குளிர் தண்ணீர் அது. அதனால் மேலே டிரைசூட் என்னும் ரப்பர் உடை, உள்ளே தடித்த கம்பளி அங்கி. வெளித் தண்ணீர் சொட்டுக்கூட உள்ளே போகக் கூடாது. போகாவிட்டாலும் உள்ளே ஈரம் இருக்கும்.

எட்டு வருடத்தில் அந்த ஈரத்தின் ஜாதகமே அவளுக்கு அத்துப்படி. ரப்பரின் உட்பக்கமெல்லாம் பொடிப்பொடியாகப் பனித்திருந்தால் உடம்புச் சூடு குளிர்ந்து நீரானது. முதுகிலும் அக்குளிலும் நனைந்திருந்தால் வியர்வை. மணிக்கட்டில் தொடங்கி ஒழுகியிருந்தால் கசிவு. யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் கேட்டதுமில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடும். 'சைலன்ஸ் அக்கா' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

குழுவில் மூத்தவர் நெட்டையண்ணன். உடையைத் தரும்போது உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பித் தருபவர் அவர் ஒருவர்தான். "உனக்கு ஒரு வேலை மிச்சம்மா" என்பார்.

ஒரு நாள் அவர் நடுங்கிக்கொண்டே மேலே வந்தார். உள்ளே போட்டிருந்த அங்கி இடது அக்குளிலிருந்து இடுப்புவரை தெப்பமாக நனைந்திருந்தது. சூப்பர்வைசர் சூட்டை மேஜையில் கிடத்தி, காற்றடைத்து, சோப்பு நுரை தடவிப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை.

"சூட் ஒழுகலப்பா. உள்ள இருக்கிற ஆள்தான் ஒழுகுறாரு."

"அப்போ ஏன் ஒரு பக்கம் மட்டும்?" என்றார் நெட்டையண்ணன்.

"நீ இடது கைக்காரன்ல? அந்தப் பக்கம்தான் வேர்க்கும்."

"பயத்துக்குக் குளிர்லயும் வேர்க்கும்ணே!" என்றான் குண்டு டைவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று மதியம் உலர்த்தும் அறையில், அவர் அங்கியில் நனைந்த அந்த இடத்தை விரலால் அழுத்தி, என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் விரலை நாக்கில் வைத்துவிட்டாள். உப்பே இல்லை. பாசி வாடையோடு அணைத் தண்ணீர். முதுகுப் பக்கம் தொட்டுப் பார்த்தாள், கரித்தது. காது மடலெல்லாம் சூடாக, ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

இரண்டு முறை சூப்பர்வைசர் அறை வாசல்வரை போனாள்.

"என்னக்கா?"

"சோப்பு தீர்ந்துடுச்சு சார்."

எப்படித் தெரியும் என்று கேட்பாரே. வேற்று ஆம்பளையின் உள்ளாடையை நாக்கில் வைத்துப் பார்த்தேன் என்று எந்த வாயால் சொல்வது? குண்டு டைவர் ஒருவன் போதும், ஜென்மத்துக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். தன்னால் முடிந்ததைச் செய்தாள். அவர் அங்கியை மட்டும் இரண்டு மடங்கு நேரம் உலர்த்தினாள். காலையில் மொறுமொறுவென்று போட்டுக்கொண்டு இறங்கியவர், நனைந்து ஏறினார்.

நான்காவது வாரம், பாதி வேலையில் மேலே இழுக்கச் சொல்லிக் கயிற்றை ஆட்டினார். அன்றிலிருந்து அவருக்குக் கரையில் காற்றுக் குழாய் பிடிக்கும் வேலை. பத்து நாளில் வேலையை விட்டே போய்விட்டார்.

அந்த சூட் சூப்பர்வைசரின் மச்சானுக்குப் போனது. முதல் நாளே, "மாமா, உள்ள குளமே இருக்கு!" என்று கத்திக்கொண்டு ஏறினான். இந்த முறை கையைத் தூக்கிவைத்து நுரை தடவினார்கள். அக்குள் தையலில் குமிழிகள் பொங்கின. கிடத்தினால் மூடிக்கொள்கிறது, கையைத் தூக்கினால் திறக்கிறது. ஒட்டுப் போட அனுப்பினார்கள். நெட்டையண்ணன் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

பாசி வாடை அடிக்கிறது சார் என்று சொல்லியிருந்தாலே போதுமே என்பது அவளுக்கு அப்போதுதான் தோன்றியது.

விடுமுறை நாளில், நெட்டையண்ணன் இப்போது வேலை செய்யும் பார்சல் குடோனைத் தேடிப் போனாள்.

"சூட்லதாண்ணே ஓட்டை. தையல்ல. கண்டுபிடிச்சுட்டாங்க." தரையைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னாள். "எனக்கு முதல் நாளே தெரியும்."

"எப்படிம்மா?"

சொன்னாள்.

"அடிப்பாவி, நாக்குல வெச்சா பாத்தே!" கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சட்டென்று நிறுத்தினார். "உப்பே இல்லையா?"

"துளிகூட இல்லண்ணே. திரும்பி வாங்க. எல்லார் முன்னாடியும் நானே சொல்றேன்."

"வேணாம்மா. அவனுங்க சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. கடைசி வாரம் நெஜமாவே பயந்துட்டேன். இப்ப குளிக்கறப்போ தலையில தண்ணி ஊத்தினாலே மூச்சு முட்டுது."

கீழே வைத்த பெட்டியின் கட்டுக் கயிற்றை இழுத்துச் சரிசெய்தார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா உன்னைப் பாத்துச் சிரிச்சிருப்பானுங்க, ஒரு வாரம். அப்புறம் மறந்திருப்பானுங்க," என்றார் மெதுவாக.

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த பெட்டியோடு திரும்பி வந்தபோதும் அவள் அங்கேயே நின்றாள். "கொஞ்சம் தள்ளிக்கம்மா" என்றார். தள்ளி நின்றாள்.