அக்கா கழற்றிப் போட்ட பெல்ட்

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம் அது. பாடாங் செராய் பக்கம் ஒரு தோட்டத்து ரப்பர் ஆலையில் மெஷின் பழுது பார்க்கும் வேலை எனக்கு. பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்தது கொஞ்ச நாள்தான். ஆனால் சத்தத்தை வைத்தே மெஷினில் எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். அந்த வட்டாரத்தில் எனக்கு நிகர் ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சொல்லக்கூடியவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இந்தக் கைவேலை தெரிந்ததால்தான் சயாம் ரயில் பாதை போட என்னைப் பிடித்துக்கொண்டு போகவில்லை. கை கெட்டால் அந்தச் சலுகையும் போய்விடும், வீட்டுக்கு வரும் அரிசியும் நின்றுவிடும்.

ஒரு நாள் ரப்பர் ஷீட் அழுத்தும் ரோலர் மெஷின் நின்றுவிட்டது. பல்சக்கரத்தின் உடைந்த பல் ஒன்று சக்கரங்களுக்கு நடுவே சிக்கியிருந்தது. வெள்ளைக்காரத் துரை இருந்தபோது, இஞ்சினிலிருந்து மெஷினுக்கு வரும் தோல் பெல்ட்டைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே கை வைப்போம். இப்போது ஆலை ஜப்பான்காரத் துவான் கையில்; அந்தப் பெல்ட் நைந்து, ஒட்டுப்போட்டுக் கிடந்தது. கழற்றினால் கிழியும், வேறு கிடைக்காது. அதனால் இஞ்சினை மட்டும் நிறுத்திவிட்டு வேலை செய்யப் பழகிக்கொண்டோம்.

"ரெண்டு மணிக்கு இஞ்சினப் போட்டுருவேன். அதுக்குள்ள முடிச்சிரு தம்பி" என்றார் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த இஞ்சின்காரர். வெளியே பார்த்தேன். வெயில் இன்னும் உச்சிக்கே வரவில்லை.

அரிசி போதாமல் கிழங்கு தின்றே சோர்ந்த உடம்பு. மெஷினுக்கு அடியில் படுத்து மெதுவாகச் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஷீட் போடும் அக்கா ஒருத்தி பெல்ட் பக்கம் போவது தெரிந்தது. அவள் புருஷனைச் சயாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

"அக்கா, அதத் தொடாத! கிழிஞ்சா துவானுக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேன். நீ வேலயப் பாரு, பெரிய ஃபோர்மன்!"

என்னவோ முனகினாள். அப்புறம் சத்தமில்லை. போய்விட்டாள் என்று நினைத்தேன்.

கை மணிக்கட்டுவரை உள்ளே இருந்தபோது இஞ்சின் உறுமியது. கையை இழுத்தேன், வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

ரோலர் அசையவே இல்லை.

எப்படியோ கையை உருவிக்கொண்டு வெளியே வந்தால், பெல்ட் தரையில் கிடந்தது. ஒட்டு பிரிந்திருந்தது. அக்கா கையில் நெம்புகிற கம்பு.

"பெல்ட்டத் தச்சுக்கலாம் தம்பி. கைய எங்க போயித் தைப்ப? சயாம் போன மனுசனே முழுசா வருவாரோ என்னமோ, இன்னொருத்தன் கை போறத என்னால பாக்க முடியாதுலா."

நான் இஞ்சின்காரரிடம் ஓடினேன். "ரெண்டு மணின்னீங்களே அண்ணே!"

"ஆமா, ரெண்டுதான். சப்பான் ரெண்டு!" என்றார். ஆலைக் கடிகாரத்தை ஜப்பான் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள்; சப்பான் ரெண்டு என்றால் பழைய கணக்கில் பன்னிரண்டரைதான். ஆனாலும் எங்களுக்குள் பேசினால் பழைய மணிதான். முந்தின நாள் பழைய மணிக்கு இஞ்சினைப் போட்டதற்காகத் துவான் அவரை அறைந்திருக்கிறான். அதிலிருந்து அவர் மாறிக்கொண்டார், எனக்குச் சொல்லவில்லை. என் கை உள்ளே இருந்தது என்று கேட்டதும் இஞ்சினை நிறுத்திவிட்டு என்னோடு ஓடி வந்தார்.

துவான் வருவதற்குள் மூன்று பேரும் சேர்ந்து பெல்ட்டைத் தைத்து மாட்டினோம்.

பிற்பாடு சுங்கை பட்டாணியில் சொந்தமாக லாரிப் பட்டறை வைத்தேன், வீடு கட்டினேன். எல்லாம் என் உழைப்பு, என் கெட்டிக்காரத்தனம் என்று இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்வேன். ஆனால் அந்த இஞ்சின் உறுமியபோது என் கெட்டிக்காரத்தனம் எதற்கும் உதவவில்லை, சொன்ன பேச்சைக் கேட்காத ஒருத்திதான் உதவினாள்.