கடலுக்கு ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ

நான் கடலுக்கடியில் வேலை செய்பவள். ஜவ்வாது மலையில் பிறந்தவளுக்கு இந்தப் பிழைப்பு எப்படி வாய்த்தது என்று கேட்காதவர்கள் இல்லை. அந்தக் கதை இப்போது வேண்டாம். போன வருஷம் குளிர்நாடு ஒன்றில் மீன்பண்ணை வலைகளைச் சோதிக்கும் வேலை கிடைத்தது. உடம்பில் தண்ணீர் படாத ரப்பர் உடையை முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். கழுத்திலிருந்து கால்வரை ஒரே துண்டு, பாதத்தில் மெல்லிய சாக்ஸாக முடியும். அதன்மேல் போடும் ஷூவை மட்டும் நாமே வாங்கிக்கொள்ள வேண்டும். உடையில் ஓட்டை விழுந்து முதல் முங்கலில் கால் நனைந்தால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஷூ இறுக்கினால் குளிரில் கால் மரத்துப்போகும். தொளதொளவென்று இருந்தால், நீந்துவதற்காக அதன்மேல் மாட்டும் ரப்பர் துடுப்போடு கழன்றுபோகும். எனக்கோ மலைக்கால். சின்ன வயதில் செருப்பில்லாமல் நடந்து நடந்து, விரல்கள் ஆளுக்கொரு திசையில் நிற்கும். சென்னையிலிருந்து வரவழைத்த இரண்டு ஜோடியும் நீளத்துக்குச் சரி, அகலத்துக்கு அழுகை.

உடையை மூட்டை கட்டிக்கொண்டு அம்மாவோடு திருப்பத்தூர் போனேன். கடையில் உட்கார்ந்து, கம்பளி சாக்ஸுக்கு மேல் உடையை முழங்கால்வரை ஏற்றினேன்.

கடைக்காரர் கிட்டே வந்து பார்த்தார். "இன்னாம்மா இது, மழ கோட்டா?"

"கடல்ல போட்டுக்கினு எறங்கறதுக்குங்க," என்றாள் அம்மா, ஏதோ வயலுக்கு என்பதுபோல.

ஆண்கள் பிரிவில், கயிறு கட்டும் கேன்வாஸ் ஷூ, ஒன்பதாம் நம்பர். விரல்கள் உள்ளே தாராளமாக விரிந்தன. கயிற்றை இழுத்ததும் கணுக்கால் கச்சிதமாக நின்றது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை முழு உடையும் போட்டு நடந்து பழகினேன். களத்தில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. தானியம் கிடக்கும் களத்தில் எங்கள் ஊரில் யாரும் செருப்போடு கால் வைக்க மாட்டார்கள். கை தானாகக் கயிற்றை அவிழ்த்தது. ஷூவை ஓரமாக விட்டுவிட்டு நாலு எட்டு வைத்தேன். சுருக்கென்றது. கருவேல முள், உடையையே துளைத்துவிட்டது!

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பழக்கத்தின்மேல் வந்த கோபத்தில் ஷூவைத் தூக்கி எறியப் பார்த்தேன்.

"ஏண்டி அழுவுற? மொதல்ல கயட்டு," என்றாள் அம்மா. உடையின் காலுக்குள் குடத்துத் தண்ணீரை ஊற்றித் தூக்கிப் பிடித்தாள். பெருவிரலுக்குக் கீழே ஒரு சொட்டு துளிர்த்தது. உலர்த்தி, கூடவே வந்திருந்த பசையையும் ஒட்டுத்துண்டையும் வைத்து அடைத்தேன்.

கிளம்பும் நாளில் அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அந்தத் தண்ணிக்குள்ள சாமியே குந்திக்கினு இருந்தாலும் நீ ஷூவ கயட்டாத. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

முதல் நாள் அங்கே படகில் ஏறினேன். தளமெங்கும் மீன் தீவனம் தானியம்போலச் சிதறிக் கிடந்தது. கை மறுபடியும் கயிற்றுக்குப் போனது. அம்மா சொன்னதை நினைத்து, முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிக்கொண்டு, தீவனத்தை மிதித்தே விளிம்புவரை நடந்து, துடுப்பை மாட்டிக் கடலில் குதித்தேன்.

அரைமணி கழித்து மேலே வந்து கம்பளி சாக்ஸைத் தொட்டுப் பார்த்தேன். களத்துச் சாமைபோலக் காய்ந்திருந்தது.